எடுப்பது யார்?

இலக்கண நூல்களில் வரும் ‘ராமா ரோட் எ லெட்டர்’ வாக்கியத்தைத் திருப்பிப் போடும் பயிற்சி வீண் என்பது, முப்பது வருடம் ஆங்கிலம் நடத்திய என் கட்சி. ‘கடிதம் ராமாவால் எழுதப்பட்டது’ என்று யாராவது பேசுவார்களா?

ஓய்வுபெற்ற பின் தெருப் பிள்ளைகளுக்குச் செயப்பாட்டு வினை நடத்த, நாளிதழின் நாலு வரிச் செய்திகளையே எடுத்துக்கொண்டேன். ‘வாட்டர் வாஸ் ரிலீஸ்ட் ஃப்ரம் மேட்டூர் டேம்.’ பொத்தானை அமுக்கியது யார் என்பது பள்ளிபாளையத்தில் ஆற்றோரம் குடியிருப்பவருக்கு எதற்கு? அவருக்குத் தண்ணீர்தான் செய்தி. அது முன்னால் வந்து நிற்கிறது. வீட்டில் நாம் ‘தண்ணி தொறந்துட்டாங்க’ என்கிறோமே, அந்த ஆள் தெரியாத ‘ஆங்க’வுக்கும் இதே வேலைதான். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர், நமக்கெல்லாம் நினைவிருக்கும். ‘லேண்ட் வில் பி அக்வயர்ட்’ என்று பலகையில் எழுதினேன். மாமா தோட்டத்தில் கல் நட்டுப் போயிருந்த பையன் ஒருவன் எழுந்து, “எடுக்கறது யாருங்க சார்? அதைக் காணோமே” என்றான். எந்த இலக்கண நூலும் கேட்காத கேள்வி. ‘பை’ போட்டு எழுதுவது விருப்பம் என்றே அதுவரை நடத்தியிருந்தேன், தவறு என்னுடையது.

2019 ஏப்ரலில் அந்த அறிவிப்பாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. (அடுத்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது தனிக் கதை.) அன்று பலகையில் அவனையே எழுதச் சொன்னேன். ‘பை தி மெட்ராஸ் ஹைகோர்ட்’ என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினான்.