தேநீர் மேசையில் யாருக்கு இடம்?

அறிவியலுக்குச் சாதி கிடையாது என்று யாராவது சொன்னால், ஆய்வகத்தை விட்டுவிடுவோம். மாநாட்டிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.

வளர்ச்சி உயிரியலிலும் ஸ்டெம் செல் ஆய்விலும் ஆண்டுதோறும் பல மாநாடுகள் நடக்கின்றன. மேடையில் நடப்பது பாதிதான். மீதிப் பாதி போஸ்டருக்கு முன்னால், சாப்பாட்டு வரிசையில், காபிக் கோப்பையோடு நடக்கிறது. அடுத்த வேலை யாருக்கு, யாரோடு கூட்டு ஆய்வு என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பேசப்படுகிறது. கார்டன் ஆய்வு மாநாடுகளில் இன்னும் அச்சேறாத முடிவுகளைப் பகிர்வார்கள். பதிவு செய்யவோ படம் எடுக்கவோ அனுமதி இல்லை. மனம் திறந்து பேச அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் போக முடியாதவர், கட்டுரை வெளியாகும்வரை காத்துக்கிடக்க வேண்டும்.

இந்தத் துறையிலேயே ஒருவர் இருந்தார். எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட், 1883இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்த கறுப்பினக் கருவியலாளர். 1909இலிருந்து சுமார் இருபது கோடைக்காலம் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் உழைத்தார். கடற்புழுவின் முட்டையில் விந்தணு நுழையும் இடம்தான் முதல் செல் பிளவின் திசையைத் தீர்மானிக்கிறது என்று 1912இலேயே எழுதினார். சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றது 1916இல். (அதே ஆண்டு வரை பாபாசாகேப் நியூயார்க்கில், கொலம்பியாவில் படித்துக்கொண்டிருந்தார்.) கடல் உயிரிகளின் முட்டையைக் கெடாமல் கையாள வேண்டுமா, ஜஸ்ட்டைக் கேள் என்ற அளவுக்கு வெள்ளைச் சகாக்கள் அவரைத் தேடிவந்தார்கள். ஆனால் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு வேலை தரவில்லை. குடும்பத்தை அங்கே அழைத்துப்போனபோது ஒதுக்கிவைத்தார்கள். கடைசியில் நேப்பிள்ஸ், பெர்லின், பிரான்ஸ் என்று போய்த்தான் ஆய்வைத் தொடர்ந்தார். 1940இல் பிரான்சில் நாஜிகள் அவரைச் சிறைமுகாமில் அடைத்தார்கள். மறுஆண்டு புற்றுநோயில் இறந்தார். இன்று அமெரிக்கச் செல் உயிரியல் கழகம் அவர் பெயரில் சொற்பொழிவு விருது வழங்குகிறது.

தகுதி, திறமை என்று நம்மிடம் பாடம் எடுப்பவர்கள் இந்த வாழ்க்கையை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? கைத்திறமை வேண்டும், ஆள் மட்டும் பந்தியில் வேண்டாம். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல.

இங்கே கதவு வேறு விதமாக அடைக்கப்படுகிறது. யாரும் வெளியே போ என்று சொல்வதில்லை. பயண உதவி பல நேரம் பின்னால்தான் வருகிறது: முதலில் டிக்கெட், பதிவுக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் கையிலிருந்து போட்டுவிட்டு ரசீது கொடுக்க வேண்டும். விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் ஃபெல்லோஷிப் வராமல் கடனில் இருக்கும் கூலித் தொழிலாளியின் மகள் எந்தக் கணக்கைக் காட்டுவாள்? அதற்கும் முன்னால், ஆய்வகத்திலிருந்து யாரை அனுப்புவது என்பதை நெறியாளர் ஒருவரே முடிவு செய்கிறார். காரணம் எங்கும் எழுதப்படுவதில்லை.

பன்னாட்டு ஸ்டெம் செல் ஆய்வுக் கழகம் 2020, 2021 ஆண்டு மாநாடுகளை இணையவழியில் நடத்தியது. நல்லதுதான், பேச்சைக் கேட்கலாம். ஆனால் காபிக் கோப்பை இணையத்தில் வராது. ஆகவே இணைய இருக்கையே போதும் என்று நம் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதை நாம் ஏற்க வேண்டியதில்லை. பணம் முன்கூட்டியே வர வேண்டும் என்றுதான் கேட்க வேண்டும்.

உங்கள் நிறுவனம் மத்திய அரசுடையது என்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். கேள்வி இரண்டு போதும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் மாநாட்டுப் பயண நிதி பெற்ற ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர்? பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பதில் வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை எழுத நாங்கள் உதவுகிறோம்.