வினாத்தாளுக்கு போலீஸ்... பிள்ளைகளுக்கு?

புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலை போய் வந்தேன் என்றால், ஆபீஸில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "கிரிவலம் போனியா?"

ஐயா, அது வேறு ஊர். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் நிற்கிற திருவண்ணாமலை. எங்கள் பக்கத்தில் 'தென் திருப்பதி' என்போம். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு ரயில் டிக்கெட் கிடைக்காதவர்கள், இங்கே வந்து மொட்டை போட்டுக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம்.

அன்றைக்குக் கூட்டமான கூட்டம். தடுப்புக் கம்புகள், போலீஸ், மைக்கில் 'கழுத்துச் செயின் பத்திரம்' அறிவிப்பு. தரிசனம் முடித்து இறங்கினால், என் பள்ளித் தோழன் நெற்றி நிறைய நாமத்தோடு நிற்கிறான். இப்போது அடிவாரக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி ஹெட்மாஸ்டர். (ஊர் பெயர் வேண்டாம். ரிட்டயராக அவனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.)

"மாப்ளே, பெருமாளுக்கு எத்தனை பந்தோபஸ்து பாத்தியா? என் ஸ்கூலுக்கு ஒரே ஒரு ஆளைக் குடுத்தா, நானும் மொட்டை போட்டுக்கிறேன்னு வேண்டியிருக்கேன்."

அவன் தலையைப் பார்த்தேன். அப்படியொன்றும் பெரிய தியாகமாகத் தெரியவில்லை.

பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினான். பள்ளிக்கூடத்துக்கு மூன்று பக்கம் காம்பவுண்ட் சுவர். நாலாவது பக்கம்? "அடுத்த நிதியாண்டு" என்றான். அந்தப் பக்கம் கண்மாய். பொழுது சாய்ந்தால் அந்த வழியாக ஊர் 'பிரமுகர்கள்' சிலர் பாட்டிலும் கையுமாக வந்துவிடுகிறார்களாம். சிமென்ட் வராந்தா, குழாயில் தண்ணீர், கண்மாய்க் காற்று... வேறெங்கே கிடைக்கும்? திங்கட்கிழமை காலையில் பிரேயருக்கு முன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணாடிச் சில்லு பொறுக்குகிறார்கள்.

போன வருஷம் ஒரு பையனுக்கு உள்ளங்காலில் ஏழு தையல். அவன் அம்மா நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். ஷிப்ட்டைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறாள். வந்தவள், "இனிமே செருப்பு வாங்கிப் போட்டு அனுப்புறேன் சார்" என்றாளாம்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்டா."

இரவுக் காவலர் பணியிடம் இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, ரிஜிஸ்டரில். ஆள் ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகிறது.

பள்ளிப் பாதுகாப்பு என்றதும் நமக்கு டி.வி.யில் பார்த்த அமெரிக்கா ஞாபகம் வருகிறது. அங்கே 2018-ல் ஃப்ளோரிடாவில் ஒரு பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், மூன்றே வாரத்தில் அந்த மாநிலம் சட்டம் போட்டு சுமார் 40 கோடி டாலர் ஒதுக்கியது. பள்ளிக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். நமக்குத் துப்பாக்கி வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு வந்ததெல்லாம் கூரையும் சுவரும்தான். 2004 ஜூலை 16, கும்பகோணம் தீயில் 94 குழந்தைகள். 2021 டிசம்பர் 17, நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. நெல்லைக்குப் பிறகு பழைய கட்டடங்களை இடித்தார்கள். 2022 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்து வருஷத்துக்கு 7,000 கோடி ரூபாய், 18,000 வகுப்பறைகள் என்று அறிவிப்பும் வந்தது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் ஆள்? 2024 நவம்பர் 20-ம் தேதி, தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளிக்குள் பட்டப்பகலில் ஒருவன் நடந்து வந்து ஓர் இளம் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். சுவர் என்ன செய்யும்? 'யாருய்யா நீ, யாரைப் பார்க்கணும்?' என்று சுவர் கேட்காது. அதற்கு வாசலில் ஒரு மனிதர் வேண்டும். சுவர் கட்டுவது ஒரு தடவைச் செலவு. டெண்டர் விடலாம், திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். வாட்ச்மேன் மாசாமாசம் முதல் தேதி சம்பளம் கேட்பார். அங்கேதான் சிக்கல்.

அரசாங்கத்துக்குக் காவல் போடத் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். பொதுத்தேர்வு சமயத்தில் வினாத்தாள் வைக்கிற 'கட்டுக்காப்பு மையம்' வாசலில் துப்பாக்கியோடு போலீஸ், இருபத்து நாலு மணி நேரமும். அந்தக் கட்டுகளைப் பிரித்து எழுதப் போகிற பிள்ளைகளுக்கு, மற்ற பத்து மாதமும் நாலாவது பக்கம் திறந்தே கிடக்கிறது!

பள்ளி மானியம் வருமே என்றேன். நண்பன் கணக்கு நோட்டை எடுத்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 250-லிருந்து 1,000 பிள்ளைகள் வரை இருக்கிற பள்ளிக்கு வருஷத்துக்கு 75,000 ரூபாய். இவனிடம் 280 பேர். வகுத்துப் பார்த்தோம். பிள்ளைக்கு நாளொன்றுக்கு 73 காசு. இதில் பத்து சதவிகிதம் சுத்தம் சுகாதாரத்துக்கு. மீதியில் சாக்பீஸ், ரிப்பேர், இத்யாதி. அதே திட்டத்தில் 2024-25-க்கு மத்திய அரசு தர வேண்டிய 2,152 கோடி, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற தகராறில் நின்று, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது தனிக்கதை. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என்னவோ சாக்பீஸ்.

"ஸ்பான்சர் பிடிக்கலாமே?"

"பெயின்ட் அடிக்க வர்றாங்க, ஃபேன் மாட்ட வர்றாங்க. றெக்கையில பேர் எழுதலாம். வாட்ச்மேன் முதுகில 'உபயம்'னு எழுத முடியுமா?"

எனக்கு ஓர் ஐடியா வந்தது. ராஜபாளையம் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கவலைப்படலாமா? 2005-ல் தபால்தலை போட்ட ஜாதி. ஒரு வெள்ளை ராஜபாளையத்தை வாசலில் கட்டிவிட்டால்?

"யோசிக்காமலா இருப்பேன்? ஒண்ணு, தீனிச் செலவை எந்த ஹெட்ல எழுதுறது? சத்துணவுல காட்டினா ஆடிட்ல நான்தான் குரைக்கணும். ரெண்டு, அது தெரியாத ஆளை உள்ளே விடாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற சி.இ.ஓ.வையும் விடாது!"

(இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது.)

கடைசியில் அவனே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறான். பதினோரு ஆசிரியர்களும் ஆளுக்கு 200 ரூபாய், மீதி 800 இவன் பையிலிருந்து. 3,000 ரூபாய்க்கு ஒரு பெரியவர். மில் கேட்டில் முப்பது வருஷம் நூல் கோனைக் காவல் காத்தவர். அந்த மில்லில் மூன்று ஷிப்ட்டுக்கும் வாட்ச்மேன் உண்டு.

கிளம்பும்போது கேட்டுக்குக் குறுக்கே அவர் நின்றார். தோளில் துண்டு, கையில் டார்ச்.

"தம்பி, பையைத் திறந்து காட்டுங்க."

நண்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அண்ணாச்சி, இவன் என் சிநேகிதன்!"

"இருக்கட்டும் சார். பழக்கம்."

திறந்து காட்டினேன். அரைக் கிலோ பால்கோவா. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

"உள்ளே வரும்போது பார்க்கலையே, அண்ணாச்சி?" என்றேன்.

"அப்போ நான் கண்மாய்ப் பக்கம் நின்னேன் தம்பி" என்றார்.