கேளாதவரின் வேதனை

ரண சிகிச்சை முடிந்து வார்டுக்குத் திரும்பும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் 'வலி இருந்தால் ஊசி போடவும்' என்று எழுதும் நம் வழக்கம், நோயாளி வாய்விட்டுக் கேட்பார் என்ற நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டது; ஆனால் குறுவையிலும் சம்பாவிலும் இடுப்பொடிய நாற்று நட்டு, தன் உபாதையைப் பிறரிடம் சொல்வதே குறை என்று பழகிப்போன ஒரு தாய், சிசேரியன் ஆன அன்றிரவு நர்ஸம்மாவை எழுப்பத் தயங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள் என்பதைத் தஞ்சை ஜில்லாவின் மயக்க மருத்துவர் எவரும் அறிவர்.

இத்தயக்கத்துக்கு இடமில்லாதபடி, மயக்க மருத்துவர் பிலிப் செக்ஸர் 1971இல் விவரித்த முறையில், நோயாளியே பம்பின் பொத்தானை அழுத்தி மார்பீனைச் சிறு அளவாக இரத்தநாளத்தில் பெற்றுக்கொள்கிறார். 2015இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இம்முறையில் முதல் 24 மணி நேர வலி, வழக்கமான முறையைவிட, 100 புள்ளி அளவுகோலில் 9 புள்ளி மட்டுமே குறைந்ததாகவும், மருந்து சற்றுக் கூடுதலாகச் செலவாகி அரிப்பு 8 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்ந்ததாகவும், அப்படியிருந்தும் திருப்தியுற்றோர் 61 சதவீதத்திலிருந்து 81 ஆனதாகவும் காட்டுகிறது. யந்திரத்தின் சாமர்த்தியத்தைவிட, கேட்கவேண்டிய சங்கடத்தை அது நீக்கியதே அந்தத் திருப்திக்குக் காரணம் என்பது எம் அபிப்பிராயம்.

ஆகவே பம்ப் வாங்க இயலாத ஆஸ்பத்திரி மனம் தளரவேண்டியதில்லை. வலி தணியும்வரை ரெகவரி அறையிலேயே மார்பீனைச் சிரை வழியே சிறுகச் சிறுகக் கொடுத்து, பிறகு பாராசிட்டமாலை மணிக்கணக்குப்படி தவறாது அளித்து, நாடித்துடிப்பைக் குறிக்கும்போதே வலியின் அளவையும் நாமே கேட்டுக் குறிப்போமானால், அதே சௌகரியத்தில் பெரும்பங்கு கிட்டும். தசையில் போடும் ஊசியோ ஆளுக்கு ஆள் வெவ்வேறு வேகத்தில் கிரகிக்கப்படுவது; பென்டசோசினுக்கு ஓர் எல்லைக்கு மேல் பலன் இல்லை, மார்பீனுக்குப் பின் கொடுத்தால் அதன் குணத்தையும் அது கெடுக்கும். சட்டத்தைக் காட்டி மார்பீனைத் தவிர்ப்பதும் இனி நியாயமன்று: 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, அத்தியாவசிய மருந்துகளுக்கு அங்கீகாரம் பெறும் வழி இலகுவாகிவிட்டது.

தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனையைப் போலப் பிரசவங்கள் மிகுந்த இடங்களுக்கு எமக்கு உகந்ததாகத் தோன்றுவது, ஸ்பைனல் கொடுக்கும் அதே ஊசி வழியே, பதப்படுத்தும் சரக்குச் சேராத மார்பீனை 100 முதல் 150 மைக்ரோகிராம் வரை செலுத்தும் முறையாகும். பம்பும் வேண்டாம், மறு ஊசியும் பெரும்பாலும் வேண்டாம், ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் நிவாரணம் நீடிக்கும். அரிப்பு வரும், சொல்லி வைக்கவேண்டும். சுவாசம் பல மணி நேரம் கழிந்தும் மந்தப்படக்கூடும் என்பதால், ஆரோக்கியமான தாய்க்குக்கூட முதல் 12 மணி நேரம் இரண்டு மணிக்கொருமுறை சுவாச எண்ணிக்கையையும் தூக்கத்தின் ஆழத்தையும் பார்த்து எழுத ஒரு நர்ஸ் நியமிக்கப்படவேண்டும். அவர் கையெட்டும் தூரத்தில், தியேட்டர் பீரோவில் அல்ல, வார்டிலேயே, நாலக்ஸோன் ஆம்பூல் இருக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் ஏற்பாடு ஆகாதவரை இம்முறையைத் தொடங்கலாகாது.