தொட்டிலிலே தொடங்கும் பட்டினி!

பட்டினி என்றதும் பஞ்சந்தான் நினைவுக்கு வரும். வெடித்த நிலமும் வறண்ட குளமும் கஞ்சித் தொட்டியும் கண்முன் தோன்றும். நாம் பேச வந்த பட்டினி, பஞ்சம் பெற்ற பிள்ளையன்று. நெல் விளையும் ஊரிலே, அடுப்பெரியும் வீட்டிலே, அன்புள்ள தாயின் மடியிலே வளரும் பட்டினி அது!

வாடிப்பட்டி வட்டாரத்தைப் பாருங்கள். 1895இல் பணி முடிந்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து வந்து, வைகையோடு கலந்து, கால்வாய் வழியே நம் வயல்களை நனைக்கிறது. நெல் உண்டு, தென்னை உண்டு, வாழை உண்டு, கீரை உண்டு. இத்தகைய வயல்கள் நிறைந்த தமிழ்நாட்டிலேதான், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றி நிற்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை! பயிர் வளர்கிறது, பச்சிளங்குழந்தை வளரவில்லை. ஏன்?

"எல்லாம் தலையெழுத்து" என்பார் வைதீகர். அந்த எழுத்தை அழித்துக் காட்டிய வரலாறு நமக்கு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி. தியாகராயர், ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகட்கு நண்பகல் உணவு வழங்க வழி செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு! அந்த ஓரணாவும் ஆட்சியாளர் கண்ணை உறுத்தியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடலாகாது என்று அன்றைய வெள்ளையர் அரசு மறுத்ததால், 1925இல் உலை அணைந்தது. 1927இல் மீண்டும் மூண்டது. 1956இல் காமராசர் அதை நாடெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று, நம் மதுரையிலே, ஆதிமூலம் பிள்ளை மாநகராட்சித் தொடக்கப் பள்ளியிலே, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளியா, சத்திரமா என்று கேலி பேசியோர் ஒவ்வொரு காலத்திலும் இருந்தனர். கேலி ஓய்ந்தது; உலை ஓயவில்லை!

ஆனால் தோழர்களே, அந்த உலை பள்ளியிலே கொதிக்கிறது. குழந்தை பள்ளிக்கு வருவதோ ஐந்து வயதில்! மூளை விரைந்து வளரும் முதல் இரண்டு ஆண்டுகளும் அதற்குள் கடந்துவிடுகின்றன. கரும்பலகை முன் நிற்கும் நாம், சோர்ந்த கண்ணோடு வரும் பிள்ளையை "மந்தபுத்தி" என்கிறோமே, அந்த மந்தம் எங்கே பிறந்தது? தொட்டிலிலே பிறந்தது!

இதை உணர்ந்து எழுந்த முயற்சிக்கு முதற்களம் நம் மதுரை மாவட்டமே. உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் கொட்டாம்பட்டி ஒன்றியத்திலே தொடங்கிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்துருண்டை; தாய்க்கோ உணவூட்டும் முறையிலே பயிற்சி. வீட்டிலே உணவில்லாமை மட்டுமே குறையன்று, இருக்கிற உணவு உரிய காலத்திலே உரிய அளவிலே குழந்தையின் வாய்க்குப் போய்ச் சேராமையும் குறைதான் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

சேரவொட்டாமல் தடுப்பது எது? பழக்கம்! பாட்டி சொன்ன பழக்கம், பூசாரி சொன்ன பழக்கம், பக்கத்து வீடு சொன்ன பழக்கம்.

பிள்ளை பிறந்ததும் சுரப்பது சீம்பால். நோயெதிர்க்கும் ஆற்றலைக் குழந்தைக்கு ஊட்டும் முதல் மருந்து அது. பசுவின் சீம்பாலுக்கு வெல்லமிட்டு அவித்து விருந்தென உண்கிறவர்கள், தாயின் சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று பீச்சி எறியச் சொல்கிறார்கள்! எறிந்துவிட்டுச் சேனை வைக்கிறார்கள். நல்ல குணமுள்ள பெரியவர் சீனித்தண்ணீரையோ தேனையோ நாவிலே தொட்டு வைத்தால், அவர் குணம் பிள்ளைக்கு வருமாம். குணம் வந்ததோ இல்லையோ, விரலழுக்கு வருகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது! ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனே ஆகாது என்கிறது மருத்துவம். இன்று தமிழ்நாட்டிலே மகப்பேறு ஏறத்தாழ முழுமையும் மருத்துவமனைகளில்தான். இருந்தும், மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி, பத்தில் நான்கு குழந்தைகளுக்கு முதல் ஒரு மணி நேரத்திலே தாய்ப்பால் கிட்டவில்லை.

தாய் கருவுற்றிருக்கும்போதோ, பிள்ளை வெளுக்க வேண்டுமென்று குங்குமப்பூ தேடி ஓடுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றால் பிள்ளை கறுக்குமென்று தெருவிலே எறிவார்கள். வயிறு நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகுமென்று தாயின் சோற்றையும் குறைப்பார்கள். ஆறு மாதம் முடிந்து, மசித்த சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் ஊட்ட வேண்டிய வேளையிலே, "மந்தம் வரும்" என்று கையைப் பிடிப்பார்கள். பிள்ளை மெலிந்தால் 'பட்சி தோஷம்' என்று தாயத்துக் கட்டுவார்கள். மஞ்சள் காமாலை வராதிருக்கக் கழுதைப் பாலைத் தேடிப் பிடித்துப் புகட்டுவார்கள். தாய்ப்பால் வேண்டாம், கழுதைப்பால் வேண்டுமாம்! இந்த அறிவை என்னென்பது?

"ஏழைத் தாயைப் பழிக்கிறீரோ?" என்று கேட்பீர்கள். இல்லை. அவள் கைதி, காவலர்கள் வேறு! எல்லாரும் உண்டபின் சட்டியில் ஒட்டியதை உண்பவள் அவள். கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகையால் வெளுத்திருக்கிறார்கள் என்றால், அது கடைசிப் பந்தியின் கணக்கன்றோ! அங்கன்வாடி தரும் சத்துமாவையும் வீடே பங்கிட்டுக் கொள்கிறது. அவளுக்குக் கிடைப்பது கைப்பிடி.

அரசுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தருக என்கிறீர்கள், நன்று. அரசுப் பணியிலிருக்கும் தாய்க்கு 2021 முதல் ஓராண்டு விடுப்புத் தருகிறீர்கள், அதுவும் நன்று. நாற்று நடும் தாய்க்கு விடுப்புத் தருபவர் யார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயராலான மகப்பேறு உதவி 18,000 ரூபாய். பொருளும் பணமுமாகத் தவணையில் வரும் அத்தனையையும் ஆறு மாதத்துக்குப் பங்கிட்டாலும் நாளுக்கு நூறு ரூபாய்தான். நாற்று நடவின் கூலியோ அதனினும் மிகுதி. அவள் வயலுக்குப் போகிறாள், பிள்ளை தூளியிலே அழுகிறது, சீனித்தண்ணீர் வருகிறது. உதவியை இழக்கும் கூலிக்கு ஈடாக உயர்த்துங்கள். வயலருகே குழந்தைக் காப்பகம் திறந்து, பாலூட்ட ஓய்வும் தாருங்கள். அதுவரை அறிவுரை பாதி நீதியே!

இளைஞர்களே! மேடையிலே மூடநம்பிக்கையைச் சாடுவது எளிது. சொந்த வீட்டு அடுப்படியிலே சாடுவதே வீரம். உங்கள் அக்காள் பிள்ளை பெறும் நாளில் மருத்துவமனையிலே நில்லுங்கள். சேனை கொணரும் கையைப் பணிவோடு, ஆனால் உறுதியோடு தடுங்கள். பிள்ளையைத் தாயின் மார்பிலே சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் துணைவி முதலில் உண்ணட்டும், நீங்கள் பின்னர் உண்ணுங்கள். மாதம் ஒருமுறை குழந்தையை அங்கன்வாடிக்குத் தூக்கிச் சென்று எடை போடுங்கள். அது தாயின் வேலை மட்டுமன்று, தந்தையின் கடமையுமாகும். எடை ஏறவில்லையா? தாயத்துக் கடைக்குப் போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வயிற்றுப்போக்கா? தண்ணீரை நிறுத்தாதீர்கள், உப்புச்சர்க்கரைக் கரைசலும் தாய்ப்பாலும் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஓரணாவில் மூட்டிய அடுப்பு நூறாண்டு கடந்தும் எரிகிறது. அதன் சூடு பள்ளியோடு நின்றுவிடலாகாது. தொட்டில் வரை செல்லட்டும்; தாயின் தட்டு வரை செல்லட்டும்!