ஐயாயிரத்துக்குக் கீழே போனால் களவு இல்லையா?

கிராமப் பாதுகாப்பைப் பற்றி அதிகாரிகள் பேசும்போதெல்லாம் ரோந்து, செக்போஸ்ட், காமிரா என்ற மூன்று சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. களவு கொடுத்த ஏழை போலீஸ் ஸ்டேஷன் படியேறினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் பேசக் காணோம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களைப் புரட்டிப் பாருங்கள். (பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா; பெயரை உச்சரிக்கவே ஒரு வாரம் பழக வேண்டும்.) திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்தால், போலீஸ் தானாகப் புலன் விசாரணை நடத்த அதிகாரமில்லாத குற்றங்களின் வரிசையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால்தான் விசாரணை. பழைய சட்டத்தின் 379-வது பிரிவில் இந்த வரம்பு கிடையாது. ஒரு ரூபாய்த் திருட்டானாலும் போலீஸ் வழக்குப் பதிந்தாக வேண்டும். பதிந்தார்களா என்பது வேறு கதை. ஆனால் பதியாதவரைத் தட்டிக் கேட்க நமக்கு ஒரு பிடி இருந்தது.

5,000 ரூபாய் என்பது யாருக்கு அற்பம்? நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதை முழுசாகக் கொடுத்தாலும் பதினைந்து நாள் உழைத்தால்தான் 5,000. நிலமில்லாத குடும்பத்துக்கு ஆட்டுக்குட்டிதான் பாங்கி. பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, கிழவிக்கு வைத்தியம், எல்லாம் அதன் கழுத்தில்தான் கட்டியிருக்கிறது. வீட்டுக்குள் புகுந்து திருடினால் வேறு பிரிவு உண்டு. மேய்ச்சல் காட்டில் பறிகொடுத்த குட்டிக்கு, கோழிக்கு, நாதியில்லை.

ஆடு திருட்டு சில்லறை விஷயமா? 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனைச் சேர்ந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் இரவில் ஆடு திருடர்களை மோட்டார் சைக்கிளில் துரத்திப் போய் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த மனிதர் எதற்காக உயிரை விட்டாரோ, அதைத்தான் சட்டம் அற்பம் என்கிறது.

ஒரு விஷயத்தில் நமக்குக் குழப்பம் வேண்டாம். முதல் தடவை தவறியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அவனுக்குச் சிறையில்லை, சமூக சேவைதான் என்று அதே சட்டம் சொல்கிறது. அது சரி. பசித்தவனைச் சிறையில் தள்ளு என்று நாம் கேட்கவில்லை. தண்டனையைக் குறைப்பது வேறு, விசாரணையையே கைகழுவுவது வேறு.

விசாரணை இல்லாத ஊரில் என்ன நடக்கும்? சந்தேகம் விசாரிக்கும். சாதி தீர்ப்புச் சொல்லும். இதைத் தென் ஜில்லாக்கள் பார்த்திருக்கின்றன. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல்காரருக்கு ஊர் கூலி அளந்தது. களவு போனால் அவர் பொறுப்பேற்று ஈடு செய்ய வேண்டும் என்பது முறை. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். காவல் கூலி மறுத்த ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்தால் அது திரும்பி வருவதும் உண்டு. வெள்ளைக்காரன் அதற்குக் கண்ட வைத்தியம் என்ன? யார் திருடினார் என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, ஒரு சமூகம் முழுவதையும் குற்றப் பரம்பரை என்று எழுதினான். கைரேகை பிடித்தான். இரவில் சாவடியில் படு என்றான். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று.

சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா? 1993இல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தில் நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போன குறவர் சமூகத் தொழிலாளி போலீஸ் காவலில் அடித்தே கொல்லப்பட்டார். பெரியவீட்டு நகை போனால் அன்றிரவே கை நீளுகிறது. கூலிக்காரியின் ஆடு போனால் சட்டப் புத்தகம் நீளுகிறது!

‘போலீஸ் நண்பர்கள்’ என்ற அமைப்பு 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கியது. சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் மாண்ட 2020இல் சர்க்காரே அதற்குத் தடை போட்டது. ஸ்டேஷனுக்கு நண்பர் சேர்ப்பதால் மட்டும் ஊருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. ஊராருக்குத் தேவை ஸ்டேஷனைக் கேள்வி கேட்கும் உரிமை.

குற்றவியல் நடைமுறையில் மாநிலமும் திருத்தம் செய்யலாம், ஜனாதிபதி ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்காக இதே புதிய சட்டங்களைத் திருத்தும் மசோதாவைத் தமிழகச் சட்டசபை 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. அட்டவணையில் இந்த ஒரு வரியையும் மாற்ற எந்த அங்கத்தினர் எழுந்து நிற்பார் என்று விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் தொகுதிதோறும் கேட்க வேண்டும்.

அதுவரை புகார் எழுதுகிறவர்கள் ஆட்டின் சந்தை விலையையும், சினையா, பால் மறந்ததா என்பதையும் விடாமல் எழுதுங்கள். 5,000க்குக் குறைவு என்று ரைட்டர் திருப்பி அனுப்பினால் நகர வேண்டாம். அப்போதும் புகாரின் சாரத்தை ஸ்டேஷன் புத்தகத்தில் ஏற்றி, பதினைந்து நாளுக்கொரு முறை மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று 174-வது பிரிவு சொல்கிறது. ஏற்றினார்களா என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.