ஓர் ஊரில் தங்கி ஊர் பல காணல்



அயல்நாட்டில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணப் புறப்படும் பெற்றோர், பயணத்திற்குமுன் நம்மிடம் ஆசி பெற வருவதுண்டு. வந்தவர்கள் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்பார்கள்: "சாமி, இவ்வளவு தூரம் போகிறோமே, நாலு ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. செலவுக்குத்தான் என்ன செய்வது?" இதற்கு நாம் நூலறிவால் விடை கூறப்போவதில்லை. பட்டறிவால் கூறுகிறோம்.

2025-ஆம் ஆண்டு நமது குருத்துவ வெள்ளி விழாவின்போது, பங்கு மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, "ஒருமுறை வெளிநாடு போய் வாருங்கள்" என்று நம் கையில் கொடுத்தனர். அதில் செல்வந்தர் தந்ததும் உண்டு; கோயில் வாசலில் இட்லி விற்கும் ஒரு தாய் நான்காய் மடித்துப் போட்ட ஐம்பது ரூபாய் நோட்டும் உண்டு. அப்பணத்தை எடுத்துச் செலவிடுவது எளிதாயில்லை. ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதுவது என்று அன்றே உறுதி பூண்டோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியரான நம் தம்பி, தம் செலவில் உடன் வர இசைந்தார். நெதர்லாந்து நாட்டில் மறைப்பணி ஆற்றும் குருமடத் தோழர் ஒருவர் அழைத்திருந்தமையால் அந்நாட்டையே தேர்ந்தோம். முதலில் நாம் வரைந்த திட்டமோ பேதைமை நிறைந்தது: ஏழு நாளில் ஐந்து நகரங்கள், ஐந்து விடுதிகள். தோழர் அதைக் கண்டு நகைத்தார். "உம் தம்பிக்கு முழங்கால் வலி. நாள்தோறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறப் போகிறாரா? நாடே சிறியது. உட்ரெக்ட் நகரில் ஓர் அறை எடும், காலையில் போய் மாலையில் திரும்பும்" என்று எழுதினார்.

அவர் சொன்னதில் ஆழ்ந்த கணக்கு இருந்தது. உட்ரெக்ட் அந்நாட்டின் ஏறத்தாழ நடுவில் அமைந்தது. நாட்டின் இரயில் பாதைகள் பலவும் அங்கேதான் கூடுகின்றன. விமான நிலையமான ஸ்கிபோலிலிருந்து நேர் இரயிலில் அரைமணிப் பயணமே. ஆம்ஸ்டர்டாமுக்குப் பத்து நிமிடத்திற்கு ஒரு விரைவு இரயில் உண்டு. அரைமணிக்குள் போய்ச் சேரும். அமர்ஸ்ஃபோர்ட்டுக்குக் கால்மணி, கௌடாவுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம், டென் போஸுக்கு அரைமணிக்கும் குறைவு, நைமேகனுக்கு ஒரு மணிக்குள். தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகை மிகுதி; அதன்மேல் 2024 முதல் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் நகராட்சித் தங்கல் வரியும் சேர்கின்றது. நாம் இரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், சிறு சமையலறையோடு கூடிய ஓர் அறையை ஒரு வாரத்திற்கு எடுத்தோம்.

அந்நாட்டு இரயில் கட்டணம் தொலைவைப் பொறுத்தது. முன்பதிவு செய்தால் மலிவு, அன்றே வாங்கினால் விலையேற்றம் என்னும் வழக்கம் உள்நாட்டுச் சாதாரண இரயில்களில் இல்லை. இருக்கைப் பதிவும் வேண்டியதில்லை. ஆகவே காலையில் சாளரத்தைத் திறந்து வானத்தைப் பார்த்த பிறகே அன்றைய ஊரை முடிவு செய்தோம். மழையென்றால் கூரைக்குள் காண்பன. வெயிலென்றால் தெருக்களில் நடந்து காண்பன. விடுதிக்கு விடுதி மாறுவோருக்கு இவ்வுரிமை இல்லை.

பயணச்சீட்டு வாங்கவும் வேண்டாம். வங்கி அட்டையை நிலைய வாயிலிலுள்ள கருவியில் காட்டி உட்புகுந்து, இறங்கும் ஊரில் மீண்டும் காட்டி வெளியேறினால் போதும். இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஓர் அட்டையில் ஒருவரே பயணம் செய்யலாம். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி அட்டை வேண்டும். இறங்கும்போது காட்ட மறந்தால், பயணத்திற்கு உரியதைவிடப் பெருந்தொகை பிடிக்கப்படும். வாயிற்கதவு இல்லாமல் கம்பம் மட்டுமே நிற்கும் ஒரு சிறு நிலையத்தில் நாம் பேச்சு மும்முரத்தில் மறந்தோம். அன்றிரவு கணக்குப் புத்தகத்தில் அத்தொகையை எழுதியபோது, இட்லித் தாயின் மடித்த நோட்டு கண்முன் வந்து நின்றது. மறுநாள் முதல் தம்பி நிலையந்தோறும் பள்ளிப் பிள்ளையை அதட்டுவதுபோல், "அண்ணா, அட்டை!" என்று குரல் கொடுத்தார்.

இனி ஊர்களைக் காண்போம். கௌடா என்றதும் பாலாடைக்கட்டியே பலர் நினைவுக்கு வரும். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை வியாழன் காலையில் அங்கே அதற்கெனச் சந்தை கூடும். ஆயினும் நம்மை நிறுத்தி வைத்தவை புனித யோவான் கோயிலின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களே. 123 மீட்டர் நீளமுள்ள அக்கோயில் அந்நாட்டிலேயே நீளமானது. கத்தோலிக்கர் காலத்தில் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பு அளித்த இராவுணவுச் சாளரமும், பின்னர்ச் சீர்திருத்தச் சபையார் வைத்தவையும் ஒரே சுவரெங்கும் அருகருகே ஒளிர்கின்றன. சண்டையிட்டவர்கள் மறைந்தார்கள், கண்ணாடி நிற்கின்றது.

டென் போஸ் நகரின் புனித யோவான் பேராலயத்தில் "இனிய அன்னை" எனப்படும் மாதா சுரூபம் உண்டு. 1629-இல் நகரம் புராட்டஸ்டண்டுப் படைகளிடம் வீழ்ந்தபின் பிரஸ்ஸல்ஸ் சென்ற அச்சுரூபம், 1853-இல்தான் இல்லம் திரும்பியது. பேராலயத்தின் வெளிப்புற வளைவுகளில் சிறு கல்லுருவங்கள் வரிசையாய் அமர்ந்திருக்கின்றன. பிற்காலத்துப் பழுதுபார்ப்பின்போது வைத்த வானதூதர் ஒருவர் கையில் கைப்பேசியும் இருக்கின்றது! தம்பி வெகுநேரம் அதையே பார்த்துச் சிரித்தார்.

மழை நாளில் ஆம்ஸ்டர்டாம் சென்றோம். கத்தோலிக்கர் வெளிப்படையாய் வழிபடத் தடை இருந்த காலத்தில், ஒரு வணிகர் 1661-இல் வீடு வாங்கி, அதன் மேல்மாடங்களை இணைத்து மறைவான ஆலயம் ஒன்றை அமைத்தார். 1888 முதல் அது அருங்காட்சியகமாய் விளங்குகின்றது. ஒடுங்கிய படிகள் வழியே ஏறியவுடன் பீடமும் மாடங்களுமாய் ஒரு முழுக்கோயில் கண்ணில் படுகின்றது. முழங்கால் வலியை மறந்து தம்பியும் ஏறிவிட்டார். நைமேகனில், 1942-இல் டாக்கவ் முகாமில் கொல்லப்பட்டு 2022-இல் புனிதராய் உயர்த்தப்பட்ட கார்மேல் துறவி தித்துஸ் பிரான்ட்ஸ்மாவின் நினைவு ஆலயம் உண்டு. அமர்ஸ்ஃபோர்ட்டில் 98 மீட்டர் உயர மாதா கோபுரம் மட்டும் தனித்து நிற்கின்றது. 1787-இல் வெடிமருந்து வெடித்ததில் ஆலயம் அழிந்தது.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். தங்கும் ஊர் ஒன்றேயாயினும், நாள்தோறும் நெடுந்தூரம் சென்றால் இரயில் செலவே மிச்சத்தை விழுங்கிவிடும். மாஸ்டிரிக்ட், குரோனிங்கன் ஆகிய நகரங்களுக்குப் போக மட்டும் ஏறத்தாழ இரண்டு மணி ஆகும். அவற்றைத் துணிந்து விட்டுவிட்டோம். ஒருநாள் தொலைவூர், மறுநாள் அண்மையூர், இடையில் ஒருநாள் இரயிலே ஏறாமல் தங்கிய ஊரையே நடந்து காண்பது என்று முறை வைத்தோம்.

அவ்வாறு நடந்த நாளே மிக இனியது. உட்ரெக்ட்டின் டோம் கோபுரம் 112 மீட்டர் உயரம். 1321-இல் தொடங்கி 1382-இல் முடிந்தது. 1674-இல் வீசிய பெரும்புயலில் ஆலயத்தின் நடுக்கூடம் இடிந்தது. அது மீண்டும் எழவில்லை. இன்று கோபுரம் ஒருபுறம், ஆலயம் ஒருபுறம், நடுவே திறந்த வெளி. பழைய வாய்க்காலின் இருமருங்கும் நீர்மட்டத்தில் நிலவறைகள்; அக்காலத்துச் சரக்குக் கிடங்குகள் இன்று உணவகங்களாயின. நாமோ அங்கே அமரவில்லை. கடையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆப்பிளும் வாங்கி, குழாய்நீரைப் புட்டியில் நிரப்பி, மரநிழலில் உண்டோம். அந்நாட்டுக் குழாய்நீரை அப்படியே பருகலாம். மாலையில் அறைக்குத் திரும்பினால் தம்பி வடித்த சோறும் பருப்பும் காத்திருந்தன.

ஊர் திரும்பிய ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் கணக்கை மக்கள்முன் படித்தோம். மறதியால் இழந்த தொகையையும் விடாது படித்தோம். மிச்சமாயிருந்தது கோவில் பிள்ளைகளின் சுற்றுலாவுக்கு என்றோம், அனைவரும் கைதட்டினர். இட்லித் தாய் மட்டும் கணக்கைக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அருகே வந்து, "அங்கே வயிறாரச் சாப்பிட்டீங்களா சாமி?" என்றார். "சாப்பிட்டோம் அம்மா, உங்கள் பணத்தில்தான்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

ஆகவே, புறப்படும் பெற்றோரே, ஊர்ப் பட்டியலை நீட்டாதீர்கள். இரயில்கள் கூடும் ஓர் ஊரைத் தேர்ந்து, அங்கே பெட்டியை இறக்கி வையுங்கள். காலையில் வானத்தைப் பாருங்கள், பிறகு புறப்படுங்கள். அட்டையை மட்டும் மறவாதீர்கள்.