சோல்டரிங் அயர்ன் பிடித்த கையில் லத்தியா?

மரக்காணம் உப்பளத்தில் நேற்று ஒரு மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்தேன். செம்புக் காண்டாக்ட் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை. உப்புத்தாளால் தேய்த்து (பெயரிலும் உப்புதான்!), மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மூடினேன். பாத்திக்குத் தண்ணீர் ஏறியது. "பட்டாளத்துல துப்பாக்கிதானே புடிச்சீங்க?" என்றார் உப்பளக்காரர்.

செகந்திராபாத்தில், ராணுவத்தின் பழுதுநீக்கும் பிரிவான இ.எம்.இ.யின் மையத்தில் பயிற்சி பெற்று, 17 வருடம் வயர்லெஸ் செட்டும் ரேடாரும் பழுது பார்த்தவன் நான். ஓய்வு பெற்று வந்ததும் கிடைத்த முதல் அழைப்பு, ஏடிஎம் வாசலில் வாட்ச்மேன் வேலைக்கு. ஒரு கம்பெனியில் என் டிரேடு சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டிப்ளமோ இல்லையா?" என்று திருப்பித் தந்தார்கள்.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத இடம் இருக்கிறது, சரி. தனியாரிடம் அது செல்லாதே! 2022-இல் வந்த அக்னிபத் ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்ற பிள்ளைகள் இளம் வயதிலேயே ஊர் திரும்புவார்கள். கற்ற தொழிலுக்கு ஐடிஐ, டிப்ளமோவுக்கு இணையான சான்றிதழை, சீருடையைக் கழற்றும் முன்பே கையில் கொடுத்தனுப்ப வேண்டும். கம்பெனிக்காரர்களும் காகிதத்தை மூடிவிட்டு, பழுதான போர்டு ஒன்றை மேசையில் வைத்துப் பார்க்கட்டும்.

எனக்கு இப்போது அவசரம் வேறு. ஐப்பசி மழைக்குள் அந்த ஸ்டார்ட்டர் காயிலுக்கு வார்னிஷ் அடித்தாக வேண்டும்.